ஆக்கு, எண்ணு: மனந்திரும்புதலின் கணமும் சாதியின் காலமும்

1

‘நீதிமானாக்கப்படுதல்’ என்றொரு சொல் தமிழில் இருக்கிறது. கிறித்தவ வழக்குக்கு வெளியே அதற்குப் புழக்கம் இல்லை. ஊரில் யாரும் யாரையும் நீதிமானாக்குவதில்லை. கோர்ட்டில்கூட விடுதலை பண்ணுவார்களே தவிர நீதிமானாக்க மாட்டார்கள். ‘பரிசுத்தமாக்கப்படுதல்’ அப்படிப்பட்ட சொல் அல்ல. சுத்தம், அசுத்தம், தீட்டு என்று அன்றாட வாழ்வில் ஊறிப்போன ஒரு சொற்குடும்பத்தின் உறுப்பினர் அது. ஒரு சொல் யாருக்கும் பழக்கமில்லாதது. இன்னொன்று எல்லாருக்கும் அளவுக்கு மீறிப் பழகிப்போனது. கிறித்தவத்துக்கு மாறுகிற கணத்தில் ஒருவருக்கு என்ன நிகழ்கிறது என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் புரொட்டஸ்டண்ட் தமிழ் விளக்கி வந்திருக்கிறது.

இரண்டும் ஒரே நொடியில் நிகழ்கின்றனவா, ஒன்று நொடியிலும் மற்றது வாழ்நாள் முழுவதுமா, எது முதல், எது பின் என்பது இறையியலாளர்களின் நெடுநாள் வழக்கு. வெளியே இருப்பவர்கள் இதை உள்வீட்டுச் சண்டை என்று நினைத்து ஒதுங்கிவிடுவது வழக்கம். தமிழிலக்கியம் படித்தவர்களும் அப்படித்தான். எம்.ஏ. வகுப்பில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ எங்களுக்கு ‘கிறித்தவக் கம்பர்’ என்ற ஒற்றைப் பட்டத்தோடு முடிந்துபோனது. அந்தக் காப்பியம் எந்தக் கேள்வியின்மேல் எழுப்பப்பட்டது என்று கேட்பதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை. இந்தச் சண்டை உள்வீட்டுச் சண்டை அல்ல என்பது என் வாசிப்பு. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் விடப்பட்ட இடைவெளியில் தமிழ்ச் சாதி வந்து பாய் விரித்து உட்கார்ந்துகொண்டது. எப்படி உட்கார்ந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

2

முதலில் வழக்கின் சுருக்கம். பதினாறாம் நூற்றாண்டில் லூத்தர் சொன்னது இது: மனிதன் நீதிமான் ஆவது அவனுக்குள் நடக்கிற மாற்றத்தால் அல்ல. கிறிஸ்துவின் நீதி, அவனுக்கு வெளியே இருக்கிற, அவனுக்கு அந்நியமான ஒரு நீதி, அவன் கணக்கில் வைக்கப்படுகிறது. கடவுள் ஒரு நீதிபதி மாதிரி அறிவிக்கிறார். அறிவிப்பு வந்த அந்த நொடியில் அவன் நீதிமான். அதே நொடியில் அவன் இன்னமும் பாவிதான். பரிசுத்தமாகிற வேலை அதன்பிறகு சாகும்வரை நடக்கும். இந்தப் பிரிவினையை 1547 ஜனவரியில் கூடிய ட்ரென்ட் பொதுச்சங்கத்தின் ஆறாம் அமர்வு மறுத்தது. நீதிமானாவது என்பது பாவமன்னிப்பு மட்டுமில்லை, உள்ளான மனிதன் பரிசுத்தமாகிப் புதுப்பிக்கப்படுவதும் சேர்ந்ததுதான் என்றது. கால்வின் இரண்டையும் பிரித்துக் காட்டினாலும் ஒன்றை விட்டு ஒன்று வராது என்றார். சூரியனின் ஒளியும் வெப்பமும் வேறுவேறு, ஆனால் ஒளி மட்டும் வந்து வெப்பம் தங்கிவிடுவதில்லை என்பது அவர் காட்டிய உவமை. 1738 மே 24 அன்று இலண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில், லூத்தர் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டபோது, தன் இதயம் வெதுவெதுப்பானதாக எழுதிய ஜான் வெஸ்லி, நீதிமானாகிற அதே நொடியில் மறுபிறப்பும் நடக்கிறது, பரிசுத்தமாகுதல் அங்கேயே தொடங்கிவிடுகிறது என்றார். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் வத்திக்கானும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டு, அடிப்படையில் ஒத்துப்போகிறோம் என்றன. 2006இல் மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்துகொண்டார்கள். நானூற்றைம்பது ஆண்டுக் கணக்கு ஓரளவு நேரானது.

சரி, இதில் மொழிக்கு என்ன வேலை? ஆரம்பமே மொழிதான். பவுல் எழுதிய கிரேக்க வினைக்கு ‘நீதிமான் என்று தீர்ப்பளி’ என்பது பொருள் என்பார்கள் சீர்திருத்தக்காரர்கள். அது இலத்தீனுக்குப் போனபோது ‘நீதியுள்ளவனாகச் செய்’ என்று பிரிக்கத்தக்க சொல்லானது. அகஸ்தீன் அதை அப்படியே பிரித்தும் படித்தார். ஓர் இலத்தீன் வினையின் வயிற்றில் ‘செய்’ இருந்ததால் ஆயிரம் ஆண்டு மேற்கத்திய இறையியல் ஒரு திசையில் நடந்தது. லூத்தரும் மெலாங்டனும் கிரேக்கத்துக்குத் திரும்பிப்போய் அந்தச் ‘செய்’யைப் பிடுங்கினார்கள்.

தமிழில் என்ன நடந்தது பாருங்கள். லூத்தரின் வாரிசுகள் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தொடங்கிவைத்த மொழிபெயர்ப்பு மரபு, கடைசியில் நிலைப்படுத்திய சொல் ‘நீதிமானாக்கு’. இலத்தீனிலிருந்து பாடுபட்டுப் பிடுங்கிய ‘செய்’ தமிழில் ‘ஆக்கு’ என்று திரும்ப முளைத்துவிட்டது! தமிழில் சோறு ஆக்குகிறோம், ஆளாக்குகிறோம், பாழாக்குகிறோம். ‘ஆக்கு’ என்றால் பொருளின் தன்மையே மாறவேண்டும். அரிசி அரிசியாகவே இருந்தால் அதை ஆக்கியதாக யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ரோமர் நிருபத்தின் நாலாம் அதிகாரத்தில் ஆபிரகாமைப் பற்றிப் பேசும்போது அதே தமிழ் விவிலியம் வேறொரு வினைக்குப் போகிறது. அங்கே விசுவாசம் நீதியாக ‘எண்ணப்படுகிறது’. எண்ணுதல் என்றால் கணக்கிடுதல், கருதுதல். அரிசி அரிசியாகவே இருக்கலாம், சோறாக எண்ணிக்கொள்ளலாம். ஆக, ட்ரென்டும் விட்டன்பெர்க்கும் போட்ட சண்டை தமிழ் விவிலியத்தின் இரண்டு வினைகளுக்குள் அமைதியாகப் படுத்திருக்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘ஏற்புடையவர்’ என்ற சொல்லைக் கொண்டுவந்து இரண்டையும் தாண்டப் பார்த்தது. நல்ல சொல்தான். ஆனால் ஏற்பது யார், எந்த வாசலில் என்ற கேள்வியை அது தூண்டுகிறதே ஒழியத் தீர்ப்பதில்லை.

பரிசுத்தத்தின் கதை இன்னும் சிக்கலானது. எபிரேயத்தில் அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் பிரித்து வைக்கப்பட்டது, கடவுளுக்கென்று ஒதுக்கப்பட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். தொடக்கக் கத்தோலிக்கத் தமிழ் நூல்கள் இதற்கு மொழிபெயர்ப்பே தேடாமல் ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று போர்ச்சுக்கீசியத்தை அப்படியே எழுதிவிட்டன. புரியாத சொல் என்று சிரிக்கலாம். ஆனால் அந்தப் புரியாமையில் ஒரு பாதுகாப்பு இருந்தது. ‘பரிசுத்தம்’ என்று வடமொழியிலிருந்து எடுத்தபோது, ‘ஒதுக்கப்பட்டது’ என்பது ‘முழுக்கச் சுத்தமானது’ ஆயிற்று. பிறப்பாலேயே சுத்தம் எது, அசுத்தம் எது என்று ஏற்கெனவே பட்டியல் போட்டு வைத்திருந்த ஒரு சமூகத்தின் காதில் இந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும்? வெள்ளாளர் காதில் ஒரு மாதிரியும் பறையர் காதில் வேறு மாதிரியும் விழுந்திருக்கும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

3

மொழியியல் தத்துவவாதி ஆஸ்டின் சில கூற்றுகளைச் செயலாற்றும் கூற்றுகள் என்று பிரித்தார். கப்பலுக்குப் பெயர் வைக்கிறவர் பெயரைச் சொல்லும்போது எதையும் வருணிப்பதில்லை, சொல்வதே செய்வதாகிறது. ‘உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்’ என்பதும் அப்படியே. லூத்தர் சொல்லும் நீதிமானாக்குதல் முழுக்க முழுக்க இப்படியொரு கூற்று. ஆஸ்டின் இன்னொன்றும் சொன்னார்: இத்தகைய கூற்றுக்கு மெய், பொய் கிடையாது, அது பலிக்கும் அல்லது பலிக்காமல் போகும். பலிப்பதற்குச் சூழலும் சடங்கும் சாட்சிகளும் ஒத்துழைக்க வேண்டும். கப்பலுக்குப் பெயர் வைத்தபின் துறைமுகத்தில் எல்லாரும் பழைய பெயராலேயே கூப்பிட்டால் அந்தக் கூற்றின் கதி என்ன?

தரங்கம்பாடியில் இதுதான் நடந்தது. சீகன்பால்கும் புளூட்சோவும் ஹாலே நகரத்துப் பக்திநெறி இயக்கத்திலிருந்து வந்தவர்கள். மனந்திரும்புதல் ஒருவன் வாழ்வில் அறியத்தக்க நிகழ்வாக இருக்கவேண்டும், அதன் பலன் நடத்தையில் தெரியவேண்டும் என்று லூத்தரன் திருச்சபையையே கண்டித்த இயக்கம் அது. அப்படிப்பட்டவர்கள் கட்டிய கோயிலில் சூத்திரக் கிறித்தவர்களுக்கும் பறையர் கிறித்தவர்களுக்கும் தனித்தனி இடம். 1733இல் ஆரோன் என்ற வெள்ளாளர் முதல் இந்திய லூத்தரன் குருவாகப் பட்டம் பெற்றார். தஞ்சைப் பகுதியில் தளராது உழைத்த உபதேசியார் இராஜநாயக்கன் பறையர். அவருடைய தகுதியில் மிஷனரிகளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் கையால் வெள்ளாளர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று அஞ்சினார்கள். 1741இல் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. இராஜநாயக்கன் சாகும்வரை உபதேசியார்தான். அவர் நீதிமானாக எண்ணப்பட்டார். குருவாக ஆக்கப்படவில்லை.

நூறாண்டு கழித்துத் தஞ்சாவூரில் இது வெடித்தது. சுவார்ட்ஸின் மாணவர், சரபோஜியின் அவையில் இடம்பெற்றவர், ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயக சாஸ்திரியார், புதிதாக வந்த இளைய மிஷனரிகளின் கொடுமைகள் என்று சிலவற்றைப் பட்டியலிட்டு எழுதினார். பப்ரீசியஸின் மொழிபெயர்ப்பை ரேனியஸ் திருத்துவது ஒரு கொடுமை. கோயிலில் சாதிகளைக் கலந்து உட்காரவைப்பது ஒரு கொடுமை. பண்டிகையில் பூ கூடாது என்பதும், தமிழ் இசையைத் தள்ளுவதும் மற்றவை. இந்தப் பட்டியல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பூவையும் பாட்டையும் பறிக்காதே என்பதில் காலனிய எதிர்ப்பு இருக்கிறது; நாமும் கைதட்டலாம். ஆனால் அதே மூச்சில் இருக்கை வரிசையும் ‘நம் பண்பாடு’ ஆகிவிடுகிறது. பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற சொல்லாடலைப் பார்த்தவுடன் பரவசப்படுகிற நம் விமர்சனம் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேறுபாடுகளைச் சபைக்குள் உறுதியாக, உடனடியாக, இறுதியாகக் கைவிடவேண்டும் என்றார். ‘உடனடியாக’ என்பதைக் கவனியுங்கள். கணத்தைப் பற்றிய சொல் அது. தஞ்சையிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் பலரைப் பின்னாளில் ஏற்றுக்கொண்டது ஜெர்மனியிலிருந்து வந்த லைப்சிக் லூத்தரன் மிஷன். அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் தமிழ் கற்றவர், திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர். அவர் வாதம் இப்படிப் போனது: சாதி பெரும்பாலும் சிவில் ஏற்பாடு, அதில் மதத்துக்கு ஒவ்வாதது இருக்கிறது, உண்மைதான். ஆனால் சுவிசேஷம் புளித்த மாவைப்போல உள்ளிருந்து மெல்ல மெல்ல வேலைசெய்து அதை மாற்றும். சட்டம் போட்டு உடைக்கச் சொன்னால் கிருபையின் இடத்தில் கிரியையை வைத்ததாகிவிடும்.

எதிர்ப்பக்கம் 1850இல் சென்னை மிஷனரி மாநாடு கூடி, சாதியை விட்டதற்கு அடையாளமாகத் தாழ்ந்த சாதியார் சமைத்ததை உண்டு காட்டினால்தான் ஞானஸ்நானம் என்ற நிலையை எடுத்தது. லைப்சிக்காரர்கள் இதற்கு உடன்படவில்லை. இறையியல் இலக்கணப்படி பார்த்தால் லைப்சிக்காரர்களே சரி. விசுவாசத்தால் மட்டுமே நீதிமானாகிறவனிடம், நீதிமானாவதற்கு முன்பே ஒரு செயலை நிபந்தனையாகக் கேட்பது லூத்தரைத் தலைகீழாக நிறுத்துவதுதான். பரிசுத்தமாகுதலின் கனியை நீதிமானாகுதலின் நுழைவுக் கட்டணமாக்குவது அது. அருமையான தர்க்கம். இந்தத் தர்க்கம் முடிகிற இடத்தில் வெள்ளாளர் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

4

இங்கே அவசரப்பட்டு லூத்தரன் கோட்பாடுதான் சாதியைக் காப்பாற்றியது என்று முடிவுகட்டிவிட முடியாது. நீதிமானாவதும் பரிசுத்தமாவதும் ஒன்றே என்ற ட்ரென்ட் கோட்பாட்டைக் கையில் வைத்திருந்த மதுரை மிஷனில் நொபிலியின் காலம்தொட்டு உயர்சாதிக்கு ஒரு சாமியார், தாழ்ந்த சாதிக்கு வேறு சாமியார் என்று ஏற்பாடு இருந்தது. கோட்பாடு வேறு, பந்தி ஒன்று. ஆகவே கோட்பாட்டைக் காரணம் என்பதைவிடச் சாக்கு சொல்லும் மொழி என்பது பொருந்தும். கத்தோலிக்கருக்குச் ‘சிவில் பழக்கம்’ என்ற சாக்கு போதுமானதாக இருந்தது. லூத்தரன்களுக்கு ‘காலம்’ என்ற இன்னும் நயமான சாக்கு கிடைத்தது.

அந்தக் காலம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்டால் விஷயம் துலங்கும். வெள்ளாளரின் சாதிப் பெருமை புளித்த மாவு மாதிரி மெல்லக் கரையட்டும் என்று பொறுமை காட்டியவர்கள் பறையரிடம் அதே பொறுமையைக் காட்டவில்லை. குடியை விடு, மாட்டிறைச்சியை விடு, அம்மன் கொடையில் பறையடிக்கப் போகாதே, குளித்துவிட்டு வெள்ளைத் துணி கட்டி வா. பல மிஷன்களில் இவை ஞானஸ்நானத்துக்கு முன்பே கேட்கப்பட்டன, அல்லது உடனடியாக. ஒருவனுடைய பாவம் பண்பாடு என்று பெயர் பெற்றுத் தவணை வாங்கியது. இன்னொருவனுடைய பண்பாடு பாவம் என்று பெயர் பெற்று ரொக்கமாகக் கட்டச் சொல்லப்பட்டது. ‘பரிசுத்தம்’ என்ற சொல்லின் பழைய வாசனை இங்கேதான் வேலை செய்கிறது. அசுத்தம் ஏற்கெனவே யார்மேல் எழுதப்பட்டிருந்ததோ அவர்தான் கழுவிக் காட்டவேண்டியவர் ஆனார்.

வெள்ளாளர் பரிசுத்தமாவதற்கு எடுத்துக்கொள்கிற காலம் காற்றில் கழிவதில்லை. அது பறையர் கிறித்தவர் வாசலில் நிற்கிற காலம். ஒருவருடைய ஆன்மிக வளர்ச்சியின் கால அளவு இன்னொருவருடைய அவமானத்தின் கால அளவாக இருக்கிறது. கிரவுலின் நுட்பமான தர்க்கத்தில் இந்த இரண்டாம் ஆள் வரவே இல்லை. கடவுள் இருக்கிறார், மனந்திரும்புகிற ஒற்றை ஆன்மா இருக்கிறது. பக்கத்தில் உட்காரக் காத்திருக்கிறவர் இல்லை.

அப்படியென்றால் அந்த மூலப் பிரதிகளிலும் இந்த ஆள் இல்லையா? இருக்கிறார். கலாத்தியர் நிருபத்தில் ‘நீதிமானாக்கப்படுதல்’ முதன்முதலாக வருகிற இடத்தைப் பாருங்கள். இரண்டாம் அதிகாரம். இடம் அந்தியோகியா. பிரச்சினை சாப்பாடு. பேதுரு புறச்சாதியாரோடு சேர்ந்து உண்டுகொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்துபோய் விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள், பர்னபாவும்கூட. பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேரே கேட்கிறார். அந்தக் கேள்வியின் தொடர்ச்சியாகத்தான் நியாயப்பிரமாணக் கிரியைகளால் அல்ல, விசுவாசத்தாலேயே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்ற புகழ்பெற்ற கூற்று வருகிறது. ஐரோப்பியத் தனிமனிதனின் மனசாட்சிக் குத்தலை வைத்துப் பவுலைப் படித்தது தவறு என்று ஸ்டெண்டால் 1963இலேயே எழுதினார். 1977இல் சாண்டர்ஸ் எழுதிய நூலுக்குப் பின் இந்த வாசிப்பு வலுப்பெற்றது. ஆனால் இதைப் புரிந்துகொள்ள ஒரு தமிழ் வாசகருக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. யார் யாரோடு உண்ணலாம் என்பதுதான் இங்கே கேள்வி என்பது நமக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

லைப்சிக் தர்க்கம் இங்கே உடைகிறது. சேர்ந்து உண்பதைக் கேட்பது கிருபைக்கு எதிரான கிரியை என்று அவர்கள் சொன்னார்கள். பவுலோ சேர்ந்து உண்ண மறுப்பதே கிருபைக்கு எதிரானது என்று அதே கோட்பாட்டை வைத்துச் சொல்கிறார். பேதுருவுக்குக் கொஞ்சம் தவணை கொடுப்போம், உள்ளிருந்து மெல்ல மாறட்டும் என்று அவர் சொல்லவில்லை. ஏன்? பந்தியிலிருந்து எழுந்துபோவது பேதுருவின் பரிசுத்தத்தில் உள்ள குறை மட்டும் அல்ல. அது அந்த அறிவிப்பையே செல்லாததாக்குகிறது. ஆஸ்டினின் மொழியில் சொன்னால் கூற்றைப் பலிக்காமல் ஆக்குகிறது. எதிரே உட்கார்ந்திருந்தவரை நீதிமான் என்று கடவுள் எண்ணியது போதாது என்று எழுந்துபோனவரின் முதுகு சொல்கிறது.

இனி யாக்கோபு நிருபம். விசுவாசம் மட்டும் போதாது, கிரியையினாலும் மனிதன் நீதிமானாகிறான் என்று பவுலுக்கு நேரெதிராகப் பேசுவதால் லூத்தர் அதை வைக்கோல் நிருபம் என்றார். அந்த வாதம் வருவதும் இரண்டாம் அதிகாரத்தில்தான். அந்த அதிகாரம் எதில் தொடங்குகிறது? பொன்மோதிரம் போட்ட பணக்காரனுக்கு ஆலயத்தில் நல்ல இடம், அழுக்குத் துணியோடு வந்த ஏழைக்கு நிற்க இடம் அல்லது காலடியில் இடம் என்று பார்த்து உட்காரவைக்கிற சபையைக் கண்டிப்பதில். ஆக, நீதிமானாவதைப் பற்றி ஒன்றோடொன்று மோதுவதாகச் சொல்லப்படுகிற இரண்டு பிரதிகளில் ஒன்று பந்தியிலிருந்தும் மற்றது இருக்கையிலிருந்தும் பிறக்கின்றன. தஞ்சாவூரில் நடந்த சண்டையும் இருக்கையைப் பற்றியதுதான். சென்னை மாநாடு கேட்டதும் பந்தியைத்தான். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் இந்தப் பிரதிகளைத் தமிழர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, அவை எதைப் பற்றி எழுதப்பட்டனவோ அது அவர்கள் கண்ணெதிரே கோயில் தரையில் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அதை ‘சாதிப் பிரச்சினை’ என்று தனிக் கோப்பில் போட்டது.

5

இப்போது கிருஷ்ணபிள்ளை. 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவ வெள்ளாளக் குடும்பத்தில் பிறந்தவர். 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியர் வேலை. 1858இல் சென்னையில் ஞானஸ்நானம். 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ முழுநூலாக வெளிவந்தது. முதல்நூல் பனியன் 1678இல் வெளியிட்ட பயணக் கதை. பனியனின் கதையில் கணமும் இருக்கிறது, காலமும் இருக்கிறது. சிலுவையின் முன் யாத்திரிகன் முதுகுச் சுமை தானாக அவிழ்ந்து விழுகிறது; அது கணம். கந்தல் போய்ப் புது உடை கிடைக்கிறது. அவன் நெய்த உடை அல்ல, கொடுக்கப்பட்டது. லூத்தரின் ‘வெளியே இருக்கும் நீதி’ என்பதற்கு இதைவிடத் தெளிவான படிமம் கிடைக்காது. அதன்பின் மலை, பள்ளத்தாக்கு, சந்தேகக் கோட்டை, கடைசியில் ஆறு, அது காலம்.

பனியன் சிலுவையைச் சில பத்திகளில் கடந்துவிடுகிறார். கிருஷ்ணபிள்ளை அங்கே கதையை நிறுத்தி, கிறிஸ்துவின் பாடுகளை விரிவான காவியப் பகுதியாக உள்ளே வைக்கிறார். பாடநூல்களில் நாம் படித்ததெல்லாம் பெரும்பாலும் அந்தப் பகுதியிலிருந்துதான். இதைக் கம்பனைப்போல் விரித்துப் பாடும் ஆசை என்று விளக்கி முடித்துவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. பனியனில் கணம் யாத்திரிகனின் முதுகில் நிகழ்கிறது. கிருஷ்ணபிள்ளையில் கணத்தின் எடை யாத்திரிகனை விட்டு வெளியே, எருசலேமின் தெருவுக்கு நகர்ந்துவிடுகிறது. மனம் மாறியவனின் உணர்ச்சியைவிட மாற்றியதன் கதை பெரிதாகிறது. வைணவத்தில் வளர்ந்தவருக்கு இது அந்நியமான யோசனை அல்ல. சரணாகதி செய்கிறவன் தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விச்செல்லும் பூனைக்குட்டியா என்று வடகலையும் தென்கலையும் நூற்றாண்டுகளாக வழக்காடிய மண்ணிலிருந்து அவர் வருகிறார். சரணடைவதே ஒரு கிரியையா என்ற கேள்வியை அவர் லூத்தரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. காப்பியத்தின் இடையிடையே ‘தேவாரம்’ என்று பெயரிட்டு அவர் வைத்த இசைப்பாடல்களும் இந்த உறவைக் காட்டும்.

ஆனால் யாத்திரிகம் என்ற வடிவத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. யாத்திரிகன் ஊரைவிட்டுப் போய்விடுகிறான். பெண்டாட்டி பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். நாசபுரிக்கு அவன் திரும்ப வரவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் வாங்கியவர் மறுநாள் காலையில் அதே தெருவுக்குத் திரும்பிவந்தார். அதே கிணறு, அதே பந்தி, அதே சுடுகாட்டுப் பாதை. பரிசுத்தமாகுதலைப் பயணமாக உருவகிக்கும்போது அது ஒற்றை ஆள் நடக்கிற நெடும்பாதை ஆகிறது. திரும்பிவந்து யாரோடு உட்காருவது என்ற கேள்வி கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது. கிருஷ்ணபிள்ளையின் குறை என்று இதைச் சொல்லவில்லை. வடிவம் அப்படி. வைணவத்திலும் இதுதானே கதை? அடியாரின் பிறப்பை ஆராய்வதே பெருங்குற்றம் என்று பிள்ளை லோகாசாரியரின் மரபு எழுதிவைத்தது. அக்கிரகாரமும் சேரியும் இருந்த இடத்திலேயே இருந்தன. அறிவிப்புக்கு அங்கேயும் பஞ்சமில்லை.

6

கடைசியாக, இந்த இறையியலை எல்லாரையும்விடச் சுத்தமாகக் கடைப்பிடிக்கிற ஒரு நிறுவனத்தைப் பற்றி. அது இந்திய அரசு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, மூன்றாம் பத்தி: இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிற எவரும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகக் ‘கருதப்படமாட்டார்’. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் விலக்குப் பெற்றார்கள். கிறித்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இல்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் பட்டியலையும் பிரிக்கச் சொல்லியும் ஆணை மாறவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். ‘கருதப்படமாட்டார்’ என்ற வினையைப் பாருங்கள். ரோமர் நாலாம் அதிகாரத்தின் ‘எண்ணப்பட்டது’ இதற்கு உடன்பிறப்பு. ஞானஸ்நானத் தண்ணீர் விழுந்த அந்த நொடியில் அரசு ஒருவரைச் சாதியற்றவராக எண்ணிவிடுகிறது. உள்ளே எதுவும் மாறியிருக்க வேண்டியதில்லை. தெரு மாறியிருக்க வேண்டியதில்லை. அப்பழுக்கற்ற அறிவிப்புநிலை நீதிமானாக்குதல்!

1985இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சூசை வழக்கில் மனுதாரர் சென்னை நடைபாதையில் செருப்புத் தைத்தவர். அதே தொழில் செய்த இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்த இலவசப் பெட்டிக்கடை அவருக்குக் கிடைக்கவில்லை. சாதி மதமாற்றத்துக்குப் பிறகும் தொடரலாம் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் கிறித்தவச் சூழலிலும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்பதை நிறுவக் காட்டிய சான்று போதாது என்றது. சான்று எங்கே இருக்கிறது? தனிக் கல்லறைகளில் இருக்கிறது. சம உரிமை மறுக்கப்பட்டுத் தனிப் பங்கு கேட்கவேண்டி வந்த எறையூர்த் தலித் கத்தோலிக்கரிடம் இருக்கிறது. 2008 மார்ச்சில் அங்கு மூண்ட மோதலில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அரசின் கடிகாரத்தில் தலித் கிறித்தவர் ஒரே நொடியில் சாதியை இழக்கிறார். சபையின் கடிகாரத்தில் அவரைச் சுற்றியுள்ளவர்கள் இன்னும் பரிசுத்தமாகிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு கணக்கிலும் நஷ்டம் அவர் பக்கம்தான் எழுதப்படுகிறது.

அதனால் கணம் என்பதே மோசடி, அறிவிப்பு என்பதே வெறும் பேச்சு என்று தூக்கி எறிந்துவிடலாமா? எனக்கு உடன்பாடில்லை. நீ கழுவிக்கொண்டு வருவதற்கு முன்பே, திருந்திக் காட்டுவதற்கு முன்பே, நீ இருக்கிறபடியே நீதிமான் என்று ஒருவரிடம் சொல்லப்படுவது சாதாரண விஷயமல்ல. பிறப்பிலேயே அசுத்தம் என்று தீர்ப்பெழுதப்பட்டவரின் காதில் அது வெடிகுண்டு. ‘ஆக்கு’ என்ற வினை எவ்வளவு நல்லெண்ணத்தோடு வந்தாலும் உன்னிடம் குறை இருக்கிறது, சரிசெய்கிறேன் என்கிறது. ‘எண்ணு’ அப்படிச் சொல்வதில்லை. மிஷன் வரலாற்றில் ஒடுக்கப்பட்ட சாதியார் கூட்டம் கூட்டமாக வந்ததற்குப் பஞ்சமும் பாதுகாப்பும் பள்ளிக்கூடமும் காரணம் என்று சொல்லப்படுவதெல்லாம் உண்மையே. இந்த வினையும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதைப் பரிசோதிக்க நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் மிஷனரிகளின் அறிக்கைகள்; வந்தவர்கள் தம் சொல்லில் எழுதிவைத்தது மிகக் கொஞ்சம்.

1997இல் பவுலைப் பற்றி எழுதிய பதியு, நிகழ்வு, அதற்கு விசுவாசமாக இருத்தல் என்று இரண்டாகப் பிரித்தார். நாத்திகரான அவர் கையில் பழைய நீதிமானாகுதலும் பரிசுத்தமாகுதலும் புதுப்பெயர் பெற்றன. அந்தப் பிரிவினையைத் தமிழில் படிக்கும்போது ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. நிகழ்வுக்கு ஒருவர் விசுவாசமாக இருக்கிறாரா என்பதை அவரிடமே கேட்டுப் பயனில்லை. அவருக்குப் பக்கத்தில் உட்காரவேண்டியவரிடம் கேட்கவேண்டும். வேதநாயக சாஸ்திரியார் எழுதியது நம்மிடம் இருக்கிறது. கிரவுல் எழுதியதும் வில்சன் எழுதியதும் இருக்கின்றன. இராஜநாயக்கன் தனக்குப் பட்டம் வராததைப் பற்றி என்ன நினைத்தார் என்பதிலிருந்து தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாற்றை எழுதத் தொடங்கினால், நீதிமான், பரிசுத்தவான் என்ற இரண்டு சொற்களுக்கும் நம் அகராதிகள் தருகிற பொருள் அப்படியே நிற்குமா என்பது சந்தேகம்தான்.